பள்ளத்துக்கு மூடி போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கு

வணக்கமுங்க.

போன மாதம் நம் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு சுற்றி வந்தது. நம் கோயம்புத்தூர்ச் சங்கனூர்ப் பள்ளத்தில் நம் தெருக்களை ஒட்டிய நீளம் முழுவதையும் கான்கிரீட் போட்டு மூடித் தர வேண்டும், மேல்தளத்தில் வண்டி நிறுத்த இடமும் நடைபாதையும் அமைத்துத் தர வேண்டும் என்று கேட்கிற மனு. கீழே இருநூற்றுச் சொச்சம் கையெழுத்து. ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதிக்கு மேல் தெரிந்த பேர்கள். என் கடைக்கு மோட்டார் காயில் கட்டக் கொண்டுவருகிறவர்கள், என் மகள் கல்யாணத்துக்கு மொய் எழுதினவர்கள், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பள்ளத்தில் சேறு அள்ளும்போது மேலிருந்து டீ கொடுத்து விட்டவர்கள்கூட இருக்கிறீர்கள். அந்த டீ எனக்கு மறக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேசினால் கோபப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடுவேன், எழுதிக் கொடுங்கள் என்று வீட்டுக்காரம்மா சொன்னார். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாற்றம் பொய் இல்லை. சித்திரை, வைகாசியில் சாயங்காலக் காற்று திரும்பினால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. பொண்ணு பார்க்க வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பின வீடு நம் தெருவிலேயே இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு பையன் சைக்கிளோடு உள்ளே விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். கரையோரம் கம்பித் தடுப்பு வேண்டும் என்று மனுவில் ஒரு வரி எழுதியிருந்தால் அதற்கு நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். வண்டி நிறுத்த இடம் இல்லாமல் தினம் தகராறு நடப்பதும் உண்மைதான். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன், மூடி வேண்டாமுங்க.

பள்ளம் என்றால் வெளியூர்க்காரர்கள் குழி என்று நினைத்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் பள்ளம் என்றால் மழைத்தண்ணீர் ஓடுகிற வழி. ஊருக்கு வடமேற்கே மலையடிவாரத்தில் பெய்கிற மழை, துடியலூர், கவுண்டம்பாளையம் பக்கமாக இறங்கி, மேட்டுப்பாளையம் ரோட்டையும் சத்தி ரோட்டையும் கடந்து, சிங்காநல்லூர்ப் பக்கம் போய் நொய்யல் ஆற்றோடு சேருகிற வழி இது. அந்தக் காலத்தில் இதில் வருஷம் பூராவும் பளிங்கு மாதிரித் தண்ணீர் ஓடியது என்று சொல்கிற பெரியவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கதையில் நம்பிக்கை குறைவு. இது ஜீவநதி இல்லை. மழைக்கு ஓடும், தை பிறந்தால் வற்றும், பங்குனியில் மணலாகக் கிடக்கும், அதில் ஆடு மேயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள். கொங்கு நாட்டுப் பள்ளம் எல்லாமே அப்படித்தான். இப்போது கோடையிலும் கறுப்பாக ஒன்று ஓடுகிறதே, அது பள்ளத்துத் தண்ணீரே இல்லை. நாம் குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவினது, அப்புறம் மீதியும்.

அந்த மீதிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லியாக வேண்டும். ஏனென்றால் "இவங்களுக்கு வேற வேலை இல்லை" என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் பேரைச் சொல்லப்போவதில்லை, அவர் வீட்டுப் போர் மோட்டார் இப்போதுகூட என் கடையில்தான் இருக்கிறது.

2013 கோடையில் உக்கடம் பெரியகுளம் வறண்டு கிடந்தபோது ஆயிரக்கணக்கான பேர் இறங்கித் தூர்வாரியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நான் அன்றைக்குப் போகவில்லை. 2017இல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் பேரூர்ப் பெரியகுளத்தில் ஞாயிறுதோறும் வேலை செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சும்மா பார்க்கலாம் என்று போனேன். கல்லூரிப் பிள்ளைகள், பெண்கள், சின்னக் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவர், எல்லோரும் வரிசையாக நின்று பாண்டுச் சட்டியைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றவன் கையிலும் ஒரு சட்டியைத் திணித்துவிட்டார்கள். நாலைந்து ஞாயிறு போனேன். திரும்பி வரும்போதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற பள்ளம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பத்துக் கிலோமீட்டர் போய்க் குளத்தில் மண் அள்ளுகிறவன், தன் வீட்டுப் பின்கதவைத் திறக்க மாட்டேன் என்கிறான் என்று என் மகள் சிரித்தாள். அப்படி ஆரம்பித்ததுதான். முதல் ஞாயிறு ஐந்து பேர்.

முதல் வருஷம் நாங்கள் செய்தது அத்தனையும் தப்பு. கோரையும் சம்பும் அடர்த்தியாக வளர்ந்திருந்ததைப் பார்த்து, இதுதான் அடைப்பு என்று நினைத்து வேரோடு பிடுங்கி எறிந்தோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது. போட்டோகூட எடுத்துக்கொண்டோம். அடுத்த மழையில் அந்த இடத்தில் கரை சரிந்து வேலிக்கல் இரண்டு உள்ளே போனது. கரையைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த வேர்கள்தான் என்று பிறகு ஒரு தாவரவியல் வாத்தியார் வந்து சொன்னார். சாக்கடையில் இருக்கிற சத்தை இழுத்துத் தின்று தண்ணீரைக் கொஞ்சமாவது தெளிய வைப்பதும் அதே சம்புதான். ஆகாயத்தாமரையை எடுங்கள், சம்பில் கை வைக்காதீர்கள், வழி அடைக்கிற இடத்தில் மட்டும் தலையை வெட்டுங்கள் என்றார். இன்னொரு கூத்து, பள்ளத்தின் நடுவிலேயே புங்கன் கன்று நட்டோம். ஐப்பசியில் வந்த தண்ணீர் கூண்டோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. கரை மேல் நட்ட பூவரசும் நீர்மருதும்தான் இன்றைக்கு உங்கள் காருக்கு நிழல் கொடுக்கின்றன.

உள்ளே என்னவெல்லாம் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கிழிந்த சேலை, தலையணை, தெர்மாகோல், கோழிக்கடை மூட்டை, இடித்த கட்டடத்துச் செங்கல், குழந்தைகளுக்குக் கட்டுகிற டயாப்பர். சாமி படங்கள்தான் அதிகம். கண்ணாடி உடைந்த படத்தை வீட்டில் வைக்கக் கூடாதென்று பயபக்தியோடு கொண்டுவந்து சாக்கடையில் போடுகிறோம். ஒரே காலையில் மூன்று முருகர், ஒரு லட்சுமி, ஒரு வேளாங்கண்ணி மாதா எடுத்து வரிசையாகக் கரையில் சாய்த்து வைத்திருந்தோம். போகிறவர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சரி, குழாய்க்கு வருகிறேன். மூன்றாவது வருஷம் ஒரு ஞாயிறு முழுக்கக் குப்பையைத் தொடவில்லை. நோட்டும் பெயின்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு, நம் தெருக்கள் நீளத்துக்கு இரு கரையிலும் பள்ளத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற குழாய்களை எண்ணினோம். ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயின்டில் நம்பர் போட்டோம். நாலு அங்குலம், ஆறு அங்குலம், பழைய சிமென்ட் குழாய், புதிய பி.வி.சி., ஒரு இடத்தில் வெறும் ஓட்டை. மொத்தம் 41. எல்லாம் குடிசைக்காரர்கள் செய்கிற வேலை என்று நம் தெருவில் ரொம்ப நாளாக ஒரு பேச்சு உண்டு. கரையோரம் இருந்த அந்த வீடுகளில் பாதிக்குக் கழிப்பறையே கிடையாது, குழாய்க்கு எங்கே போவார்கள்? 41இல் பெரும்பாலானவை கல் கட்டடத்து வீடுகளிலிருந்து வந்தவை. நம்பர் 17 குழாயைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், செடி மறைவில், ஒரு மதில் சுவருக்கு அடியில் போய் நின்றது. என் வீட்டு மதில்.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா தெரியவில்லை. வீடு கட்டினபோது செப்டிக் டேங்க் கட்டினோம், அது தெரியும். டேங்க் நிறைந்தால் வழிகிற தண்ணீர் எங்கே போகிறது என்று நானும் கேட்கவில்லை, கட்டினவரும் சொல்லவில்லை. பின்பக்கம் பள்ளம் இருக்கிறது, அதில் விட்டுவிட்டார். இத்தனை வருஷம் நாற்றம் நாற்றம் என்று மூக்கைப் பொத்தினேன், அதில் என் வீட்டுப் பங்கும் இருந்திருக்கிறது. அன்றைக்குக் கூட வந்த பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. பெயின்ட் டப்பாவை என்னிடமே கொடுத்தார்கள், நானே நம்பர் போட்டேன். அப்புறம் பின்பக்கம் தோண்டி, உறைகிணறு மாதிரி ஒரு உறிஞ்சுகுழி போட்டு, குழாயை அடைத்தேன். செலவு கொஞ்சம் கையைக் கடித்தது. இன்றுவரை 41இல் 9 குழாய் அடைத்திருக்கிறோம். மீதி 32 இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் நம்பரும் மனுவில் இருக்கிற பேர்களும் எங்கள் நோட்டில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. நோட்டை யாருக்கும் காட்ட மாட்டோம், பயப்பட வேண்டாம்.

நாற்றத்துக்குக் காரணம் இந்த 32தான். மேலே மூடி போட்டால் இவை நிற்கப்போவதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஓடும், அவ்வளவுதான். தெரியாமல் போனால் இன்னும் நாற்பது குழாய் துணிச்சலாக வந்து சேரும். யார் எண்ணப்போகிறார்கள்?

இன்னொன்று, காற்றும் வெயிலும் படுகிற சாக்கடைக்கும் மூடின சாக்கடைக்கும் வித்தியாசம் இருக்கிறது. காற்றுப் படாத இடத்தில் கழிவு அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், மீத்தேனும் வரும். முதலாவதுக்கு அழுகின முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது, அதுதான் ஆபத்து. காற்றைவிடக் கனம் என்பதால் அடியிலேயே படுத்துக் கிடக்கும். மூடின பள்ளத்தில் மண் சேராமலா இருக்கும்? சேரும். ஜே.சி.பி. இறங்க வழி இருக்காது. பலகைக் கல்லை ஒன்றிரண்டு இடத்தில் தூக்கிவிட்டு யாரையாவது உள்ளே இறங்கச் சொல்வார்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கிற 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கூடாது என்கிறது. அப்படியும் சாவு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறங்கிச் சாகிறவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்த வேண்டி வந்தது. நம் கார் நிற்கிற இடத்துக்குக் கீழே ஒருவர் மூச்சு முட்டி விழுவதை நான் நினைத்துப் பார்த்தேன். அதற்கு மேல் அந்த மனுவைப் படிக்கப் பிடிக்கவில்லை.

அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு கட்டடத்தையும் விடாது. ஈரத்தில் கந்தக அமிலமாக மாறி மேல்தளத்தின் அடிப்பக்கத்தைத் தின்னும், உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து உப்பும். மேலே வண்டி நிறுத்தப் போகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

மழை ராத்திரி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு விழித்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், தூங்கினவர்களுக்காகச் சொல்கிறேன். ஐப்பசி கடைசி. சாயங்காலம் பிடித்த மழை விடவே இல்லை. இந்த ஊரில் அரை மணி நேரம் கொட்டினாலே லங்கா கார்னரிலும் கிக்கானி பள்ளிக்கூடத்துப் பாலத்தடியிலும் வண்டி மிதக்கும், அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். ராத்திரி ஒன்றரை மணிக்கு, கரையோரத்து வீட்டு அக்கா ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "தண்ணி ஏறுதுங்க, பாலத்துக்கிட்ட என்னமோ அடைச்சிருக்கு." டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினோம். சின்னப் பாலத்தின் கண் இரண்டில் ஒன்று முழுசாக அடைந்திருந்தது. பள்ளம் கரை தட்டி, முதல் தெருவுக்குள் கணுக்கால் அளவு வந்துவிட்டது. என்ன அடைத்திருக்கிறது என்று தெரியவில்லை. மேலே நின்று டார்ச் அடித்தால் பூப்போட்ட துணி மாதிரி ஒன்று தெரிந்தது. இலவம்பஞ்சு மெத்தை. டபுள் காட்.

இலவம்பஞ்சு தண்ணீர் குடித்தால் என்ன கனம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடையில் மோட்டார் தூக்க வைத்திருக்கிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்தோம். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கரண்டியை ஒரு பாட்டி வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைக் கயிற்றில் கட்டி வீசினோம். நாலு தடவை தவறியது, ஐந்தாம் தடவை மாட்டியது. பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஆளைப் படுக்க வைத்துக் காலைப் பிடித்துக்கொண்டு, ஆறு பேர் இழுத்தோம். மெத்தை கிழிந்து பாதி வந்தது. மீதிப் பாதியைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. அதற்கப்புறம் கண்ணெதிரிலேயே தண்ணீர் இறங்கியது. பத்து நிமிஷத்தில் ஒரு முழம். தெருவுக்குள் வந்த தண்ணீர் திரும்பிப் போனபோது யார் வீட்டுச் செருப்போ ஒன்று பள்ளத்துக்குள் போனது, எல்லோரும் சிரித்தோம். சிரிக்கிற நிலைமையா என்றால் இல்லை, ஆனால் சிரித்தோம்.

மூடியிருந்தால் அன்றைக்கு எந்த இடத்தில் கொக்கி போட்டிருப்போம், சொல்லுங்கள். மெத்தை உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்திருப்போம்? மூடின கால்வாய் நிரம்பினால் தண்ணீருக்கு மேலே ஏற இடம் கிடையாது. வந்த வழியே திரும்பும். எந்த வழியே? அதே 32 குழாய் வழியே, நம் வீட்டுக் குளியலறைக்கும் கக்கூஸுக்கும். பம்ப் தொழிலில் இருக்கிறவன் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன். தண்ணீருக்கு அழுத்தம் வந்துவிட்டால் அது மேடு பள்ளம் பார்க்காது.

"வருஷத்தில் நாலு நாள் ஓடுகிற தண்ணிக்கு இவ்வளவு அகலம் எதுக்கு, சும்மா கிடக்கிற இடம்தானே" என்று மனுவோடு வந்த குரல் பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன். மாசி மாதம் கோனியம்மன் தேர் ராஜவீதியில் வருகிறது. வருஷத்தில் ஒரே நாள். மீதி நாளெல்லாம் அந்த வீதியில் கடை போடுகிறோம், வண்டி நிறுத்துகிறோம், பழவண்டி நிற்கிறது. யாரும் தப்பென்று சொல்லவில்லை. தேர் வருகிற நாளில் எல்லாம் நகர்ந்துவிடும். மீதி நாள் சும்மாதானே கிடக்கிறது என்று வீதிக்கு நடுவில் யாராவது ஒரு தூண் எழுப்பினால் ஊர் விட்டுவிடுமா? பள்ளத்துக்கும் ஐப்பசி, கார்த்திகையில் தேர் வருகிறது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று பஞ்சாங்கத்தில் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். கோடையில் பிள்ளைகள் அங்கே பந்தாடட்டும், ஆடு மேயட்டும். தேர் வந்தால் அவர்கள் நகர்ந்துகொள்வார்கள். கான்கிரீட் நகராது.

நிலத்துப் பதிவேட்டிலும் இது சும்மா இடம் இல்லை, நீர்வழிப் புறம்போக்கு.

தென் கொரியாவில் சியோல் என்று ஒரு ஊர். அங்கே ஊருக்கு நடுவில் ஓடின சோங்கேசோன் என்ற ஓடை நம் பள்ளம் மாதிரியே சாக்கடையாகி, கரையெல்லாம் குடிசையாகி, நாற்றம் தாங்காமல் 1958இலிருந்து கான்கிரீட் போட்டு மூட ஆரம்பித்தார்கள். அப்புறம் அதன் மேலேயே மேம்பாலச் சாலையும் கட்டினார்கள். கட்டினபோது எல்லோரும் கைதட்டியிருப்பார்கள். நாற்பது வருஷத்துக்குள் பாலம் பழுதாகி, அடியில் விஷவாயு சேர்ந்து, 2003இல் அத்தனையையும் இடித்தார்கள். 2005 அக்டோபரில் 5.8 கிலோமீட்டருக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு அந்த ஊருக்குப் போகிற நம்மூர்க்காரர்கள் அதன் கரையில் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஓடுகிற தண்ணீரில் பெரும்பகுதி ஆற்றிலிருந்து பம்ப் வைத்து ஏற்றுவது, ஒரு நாளைக்கு 1,20,000 டன். அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது கரண்ட் பில்தான். மூடித் திறந்த பிறகு பழைய ஓடை அப்படியே திரும்ப வருவதில்லை, காசு கொடுத்து ஒன்றைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. நமக்கு மூடுவதற்கே காசு இல்லை, திறக்க எங்கே போவது?

கொசுவைப் பற்றி மனுவில் பெரிய எழுத்தில் இருக்கிறது, "டெங்கு பரவும் அபாயம்" என்று. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டை இடுவதில்லைங்க. அது சுத்தமான தண்ணீர் தேடுகிற ஜாதி. நாம் மொட்டை மாடியில் போட்டு வைத்திருக்கிற டயர், மூடாத ட்ரம், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, இதெல்லாம்தான் அதன் வீடு. பள்ளத்தில் பெருகுவது கியூலெக்ஸ் என்ற வேறு கொசு, ராத்திரி காதோரம் பாடுவது அது. அதற்கு இருட்டும் தேங்கின சாக்கடையும் இருந்தால் கொண்டாட்டம், மூடி போட்டால் இரண்டும் கிடைத்துவிடும். நாங்கள் குப்பை எடுத்துத் தண்ணீரை ஓட விட்ட இடத்தில் இப்போது தட்டான் வருகிறது. அதன் குஞ்சு தண்ணீருக்குள் இருந்துகொண்டு கொசுப் புழுவைத் தின்னும். போன மார்கழியில் ஒரு கானாங்கோழி நாலு குஞ்சோடு சம்புக்குள் நடந்து போனதை நம் மூன்றாம் தெருப் பிள்ளைகள் மதில் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கறுப்பாகப் பஞ்சு உருண்டை மாதிரி நாலு குஞ்சு. அந்தச் சாக்கடைத் தண்ணீரிலேயே அது எப்படியோ பிழைக்கிறது.

நொய்யல் என்றாலே எல்லோரும் திருப்பூர்ச் சாயத்தைச் சொல்வார்கள். உண்மைதான், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகி, கீழே இருக்கிற விவசாயிகளே அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று கேட்கும்படி ஆனது. ஆனால் ஆறு திருப்பூர் போய்ச் சேருவதற்கு முன்பே அதில் கோயம்புத்தூர் கலந்துவிடுகிறது. அந்தக் கோயம்புத்தூரில் நம்பர் 17ம் இருந்தது. சாயக்காரர்களைத் திட்டும்போது எனக்கு இப்போதெல்லாம் குரல் கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

சரி, வேண்டாம் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் ஆகாது. மனுவைக் கிழிக்கச் சொல்லவில்லை. இருநூறு பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது நம் தெருவில் இதுவரை நடக்காத காரியம், அதை வீணாக்கக் கூடாது. மூடி என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுக் குழாய் என்று எழுதிக்கொள்வோம். இரு கரையிலும் ஒரு வீடு விடாமல் பாதாளச் சாக்கடை இணைப்பு வேண்டும் என்று கேட்போம். தாழ்வான இடத்தில் இருக்கிற வீடுகளுக்கு இணைப்பு மேட்டில் இருப்பதால் ஏறாது என்பார்கள். அவர்களுக்காகக் கரையோரமே ஒரு குழாய் பதித்து, பள்ளத்தில் விழுவதற்கு முன்பே கழிவை வாங்கிச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பச் சொல்லலாம், பம்ப் எங்கே வைக்கலாம் என்று நானே இடம் காட்டுகிறேன். கம்பித் தடுப்பு கட்டாயம் கேட்போம். பாலத்துக்கு முன்னால் மெத்தை மாட்டுகிற மாதிரி ஒரு கம்பிச் சட்டமும், அதைச் சுத்தம் பண்ண ஜே.சி.பி. இறங்க ஒரு சாய்தளமும் கேட்போம். தூர்வாருவதை மழைக்கு முந்தின வாரம் வைத்துக்கொள்ளாமல் மாசி, பங்குனியில் செய்து, அள்ளின சேற்றைக் கரையிலேயே குவிக்காமல் அன்றைக்கே லாரியில் ஏற்ற வேண்டும் என்றும் ஒரு வரி. கரையில் குவித்த சேறு முதல் மழையிலேயே திரும்ப உள்ளே போவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. கரைச் சுவர் கட்டினால் கட்டட்டும், தரையில் மட்டும் சிமென்ட் வேண்டாம். மண் தரையாக இருந்தால்தான் ஓடுகிற மழையில் கொஞ்சமாவது கீழே இறங்கும். போர் போட்டால் ஆயிரம் அடி கேட்கிற ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கரையோரத்து வீட்டுக்காரர்களைக் காலி பண்ணச் சொல்லி மனுவின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. வெள்ளத்தில் முதலில் நனைகிறவர்கள் அவர்கள்தான், பாதுகாப்பான இடத்தில் வீடு கொடுத்தால் போகத் தயார் என்று அவர்களே சொல்கிறார்கள். அதை நாம் "ஆக்கிரமிப்பாளர்கள்" என்று எழுதிக் கேட்பதற்கும் அவர்களே கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அந்த வரியை அவர்கள் எழுதட்டும். ராத்திரி ஒன்றரை மணிக்கு வந்து கதவைத் தட்டினது அங்கிருந்து வந்த அக்காதான்.

வண்டி நிறுத்துகிற பிரச்சினைக்கு என்னிடம் பதில் இல்லை. என் வீட்டு வாசலில் கடை இரும்பெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன், அதை எடுத்தால் இரண்டு வண்டி நிற்கும். எடுத்துவிடுகிறேன்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்குச் சின்னப் பாலத்துக்கிட்டே இருப்போம். 8 மணிக்கு முடித்துவிடுவோம், வெயில் ஏறினால் நாற்றம் தாங்காது. கம்பூட்ஸ் நாலு ஜோடிதான் இருக்கிறது, மூன்று 9ஆம் நம்பர், ஒன்று 7. வேறு சைஸ்காரர்கள் கரை மேல் நின்று மூட்டை கட்டலாம். கையுறை நிறைய இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். தங்கள் குழாய் நம்பர் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தனியாக வந்து கேட்டால் காதில் சொல்கிறேன். மனுவின் நகலும் பேனாவும் என் சட்டைப் பையில் இருக்கும். டீ இந்தத் தடவை எங்கள் செலவு.

இப்படிக்கு,
முன்னாள் 17ஆம் நம்பர் குழாய்க்காரன்,
மோட்டார் காயில் கட்டும் கடை